பூரணையிற் கூடும் கலவாய்

மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிமகம் ஆகிய மூன்றும் பூரணையை ஒட்டி வரும் திருநாள்கள். அந்நாள்களில் ஊர்தோறும் கோயில்களிலே அடியார்கள் கூட்டங் கூட்டமாகச் சேர்வதை நாம் காண்கின்றோம். ஆண்டு முழுவதும் தத்தம் வீட்டிலும் வயலிலும் தனித்தனியே தொழில் புரிவோர், குறித்த நாளிலே குறித்த இடத்தை நாடி வருகின்றனர். அந்நாளையும் அவ்விடத்தையும் அவர்களுக்குச் சொல்லிவைத்தவர்கள் அவர்தம் முன்னோர்.

மாரிகாலத்து இம்முழுமதிகள் பூமியின் மறுபுறத்தே கரிபியன் கடலின்மீது எழுகின்ற வேளையில், அங்கும் ஒரு பெருங்கூட்டம் கூடுகின்றது. கூடுவோர் மனிதரல்லர், மீன்கள். ஆண்டின் ஏனைய நாள்களிலெல்லாம் முருகைக் கற்பாறைகளின் பொந்துகளிலே தனித்து வாழும் அம்மீன்கள், தம் இனத்தைப் பெருக்குதற்பொருட்டு ஆயிரக்கணக்கில் ஓரிடத்திற் சேர்கின்றன. நாசோ கலவாய் என்பது அவற்றின் பெயர். பஹாமாஸ் தீவுகளின் தலைநகராகிய நாசோவின் பெயரே அதற்கு இடப்பட்டுள்ளது.

இக்கூட்டம் அந்த மீனினத்தின் உயிர்நாடியாகும். ஆயினும், அதுவே அவ்வினத்தின் அழிவுக்கும் வாயிலாயிற்று. அழிவு எவ்வாறு வந்தது என்பதையும், சின்னஞ்சிறு தீவொன்றிலே அவ்வழிவு எவ்வாறு தடுக்கப்பட்டது என்பதையும் இக்கட்டுரையிற் காண்போம்.

பொந்திலே காத்திருக்கும் வேடன்

கலவாய் நம்மவர்க்குப் புதிய மீனன்று. தடித்த உடலும், அகன்ற வாயும், முன்னே நீண்ட கீழ்த்தாடையும் உடைய கலவாய் வகைகள் பல நம் நாட்டுக் கடல்களிலும் வாழ்கின்றன. மீன் சந்தையிலே நல்ல விலைக்குப் போகும் மீன் இது. இக்குடும்பத்தில் ஒரு முழம் நீளங்கூட இல்லாத சிறியனவும் உள்ளன. ஆளைவிடப் பெரிதாக வளர்வனவும் உள்ளன.

நாசோ கலவாய் நடுத்தரமானது. மிகப் பெரியவை நான்கு அடி நீளமும் ஐம்பது இறாத்தல் நிறையும் எய்தும். மங்கிய உடலிலே கரும்பழுப்பு நிறமான ஐந்து பட்டைகள் மேலிருந்து கீழாக இறங்கும். வாலின் அடியிலே மேற்புறத்திற் கரிய புள்ளியொன்று உண்டு. இவ்விரண்டு அடையாளங்களையும் கொண்டு இதனை எளிதிலே இனங் காணலாம். 1792 ஆம் ஆண்டிலே புளொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனை முதன்முதலாக விஞ்ஞான முறையில் விவரித்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்வரை இது உயிர் வாழக்கூடியது.

இது இரையைத் துரத்திப் பிடிக்கும் மீனன்று, காத்திருந்து கவர்வது. விடியற்காலையிலும் மாலை மங்கும் வேளையிலும் பாறையின் ஓரத்திலே அசையாது நிற்கும். சிறு மீனோ நண்டோ அணுகியதும் தன் பெரிய வாயைத் திடீரென அகலத் திறக்கும். வாயின் உட்புறம் ஒரு கணத்தில் விரிவதனால் அங்கே நீரின் அமுக்கம் குறைகின்றது. சுற்றியுள்ள நீர் விசையோடு உள்ளே பாய, அதனோடு இரையும் இழுபட்டுச் செல்கின்றது. நீர் செவுள் வழியே வெளியேறிவிடும். இரையோ உள்ளே தங்கிவிடும். வாயிலுள்ள சிறு பற்கள் இரையைக் கடித்துக் கிழிப்பதற்காக அமைந்தவையல்ல. அது நழுவாமற் பற்றுதற்கே உதவுகின்றன. கலவாய் தன் இரையை முழுதாகவே விழுங்குகின்றது. இளம் பருவத்தில் நண்டு, இறால் போன்றவற்றை மிகுதியாக உண்ணும் இம்மீன், வளர வளர மீன்களையும் சிங்க இறாலையும் பேய்க்கணவாயையும் உண்ணுகின்றது.

இவ்வேடனுக்கு மற்றோர் ஆற்றலும் உண்டு. சில நிமிடங்களுக்குள் தன் நிறத்தை மாற்றிக்கொள்ள வல்லது. வெண்மணலின் மேல் நிற்கும்போது வெளிறியும், பாறை நிழலில் நிற்கும்போது இருண்டும் தோன்றும். நிறமாற்றம் ஒளிந்துகொள்வதற்கு மாத்திரமன்று. தன் இனத்தோடு பேசுவதற்கும் உதவுகின்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கலவாயின் அறிவு ஆராய்ச்சியாளரை வியக்கவைத்ததொன்று. செங்கடலில் வாழும் கலவாய் வகையொன்றைப் பற்றி றெதுவான் ப்ஷாரி என்பவரும் அவருடன் ஆராய்ந்தோரும் 2006 ஆம் ஆண்டிலே ஒரு செய்தியை வெளியிட்டனர். தான் துரத்திய மீன் பொந்துக்குள் நுழைந்துவிட்டால், அக்கலவாய் பெரிய அஞ்சாளை மீன் வாழும் இடத்துக்குச் சென்று அதன் முன்னே தலையை வேகமாக அசைக்கின்றது. அஞ்சாளை வெளியே வர, இரண்டும் கூடி வேட்டைக்குச் செல்கின்றன. பாம்புபோன்ற உடலையுடைய அஞ்சாளை பொந்தினுள்ளே நுழைந்து தேடும். வெளியே தப்பியோடுவதைக் கலவாய் பிடித்துக்கொள்ளும். இரை ஒளிந்திருக்கும் இடத்தின்மேல் கலவாய் தலைகீழாக நின்று சுட்டிக்காட்டுவதையும் 2013 ஆம் ஆண்டில் ஆய்வாளர் எடுத்துரைத்தனர். வெவ்வேறு இனத்து மீன்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று குறிப்புணர்த்தித் தொழில் புரிவது எத்துணை வியப்பு!

பாரின் நலம்

பிற மீன்களைத் தின்னும் மீன் குறைந்தால் ஏனைய மீன்களுக்கு நன்மைதானே என மாணவர் சிலர் கேட்கலாம். இதற்கு விடை தரும் இடமொன்று பஹாமாஸ் நாட்டில் உண்டு. எக்சூமா தீவுகளை அடுத்த கடற்பகுதி 1958 ஆம் ஆண்டிலே பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1986 ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே மீன்பிடித்தல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. தடையின் பயனாக நாசோ கலவாய் வெளியிடங்களைவிட அங்கே மிகுந்து காணப்பட்டது.

முருகைக் கற்களின்மேல் பாசி மிகுந்து படருமானால் இளம் முருகைகள் பற்றி வளர இடமின்றிப் போகும். அப்பாசியை மேய்ந்து பாரைத் துப்புரவாக வைத்திருப்பவை கிளிமீன்கள். கலவாயோ கிளிமீனை உண்பது. ஆகவே, கலவாய் பெருகிய பூங்காவிலே கிளிமீன் குறைந்து பாசி மிகுந்திருக்க வேண்டுமன்றோ? பீற்றர் மம்பி என்பவரும் பிறரும் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான உண்மையைக் காட்டிற்று. சிறிய கிளிமீன்களைக் கலவாய் உண்டது உண்மைதான். ஆனால், பெரிய கிளிமீன் அதன் வாய்க்கு அடங்காது. மனிதன் வைக்கும் கூடுகள் பூங்காவில் இல்லாமையால் பெரிய கிளிமீன்கள் தப்பிப் பெருகின. பாசி மேய்ச்சல் வெளியிடங்களைப்போல் இருமடங்காயிற்று. பாசியின் பரப்பு நான்கிலொன்றாகக் குறைந்தது.

தின்பதும் தின்னப்படுவதுமாகிய இயற்கையின் கணக்கிலே பார் கெடுவதில்லை. அக்கணக்கிலே வரம்பின்றி மனிதன் கைவைக்கும்போதே அது கெடுகின்றது.

நிலவிலே ஒரு யாத்திரை

இனி, கலவாயின் கூட்டத்துக்கு வருவோம். நாசோ கலவாய் முட்டையிடும் பருவத்தை அடைவதற்கு நான்கு முதல் எட்டு ஆண்டுகள் செல்லும். அப்பருவத்தை அடைந்தவை, கடல்நீர் சற்றுக் குளிர்ந்திருக்கும் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான மாதங்களிலே, பூரணை நெருங்கும்போது தம் பொந்துகளை விட்டுப் புறப்படுகின்றன. சில மீன்கள் நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்து வருகின்றன என்பது, அடையாளமிட்டு விடப்பட்ட மீன்களைக் கொண்டு அறியப்பட்டுள்ளது. அவை சேருமிடம் பெரும்பாலும் பாரின் முனையாகவே இருக்கும். பார் முடிந்து கடல் செங்குத்தாக ஆழத்துக்கு இறங்கும் விளிம்பு அது. ஆண்டுதோறும் அதே முனை, அதே நிலவு.

கூடிய மீன்களின் நிறம் இப்போது மாறுகின்றது. பட்டைகள் மறைந்து, முதுகு கருமையாகவும் வயிறு வெண்மையாகவும் ஆகின்றன. தனித்து வாழ்ந்து தன் எல்லைக்குள் வருவதை விரட்டும் இம்மீன்கள், நெருங்கி நிற்கும்போது ஒன்றையொன்று தாக்காதிருக்க வேண்டும். இவ்விருநிறக் கோலம், “போருக்கு வரவில்லை” என்னும் பணிவைத் தெரிவிக்கும் குறியென ஆய்வாளர் விளக்குவர்.

பூரணையை அடுத்து வரும் சில நாள்களில், கதிரவன் மறையும் வேளையிலே முட்டையிடல் நிகழும். முட்டை நிறைந்து வயிறு பருத்த பெண்மீனொன்று முன்னே எழும். ஆண்மீன்கள் பல அதனைத் தொடர்ந்து மேல்நோக்கிப் பாயும். உச்சியிலே பெண் முட்டைகளைச் சிந்த, ஆண்கள் விந்தைச் சொரிய, நீர் வெண்முகில்போலக் கலங்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும் இத்தகைய கூட்டங்களால் அம்முனை முழுவதும் சிறிது நேரம் மூடுபனி சூழ்ந்ததுபோலத் தோன்றும். இருள் சூழ்ந்ததும் எல்லாம் அடங்கிவிடும்.

ஊசித்தலை அளவான முட்டைகள் நீரோட்டத்தில் மிதந்து செல்கின்றன. ஏறத்தாழ ஒரு நாளில் அவை பொரிக்கின்றன. வெளிவரும் குடம்பிகள் ஐந்து அல்லது ஆறு வாரங்கள் கடலிலே அலைந்து திரியும். அவற்றுட் பெரும்பாலானவை பிற உயிர்களுக்கு இரையாகிவிடும். எஞ்சியவை ஓர் அங்குல அளவினவாகிக் கரையோரத்துப் பாசிப் புதர்களையும் கடற்புல் வெளிகளையும் அடைந்து, அங்கே ஒளிந்து வளர்ந்து, பின்னர்ப் பாரை நாடிச் செல்கின்றன. ஒருங்கே கோடிக்கணக்கான முட்டைகளைச் சிந்தினாலன்றிச் சிலவேனும் தப்பமாட்டா. எல்லா மீன்களும் ஒரே இடத்தில் ஒரே வேளையிற் கூடுதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்றாகலாம்.

முதன்முறையாக வரும் இளமீனுக்கு அந்த முனை எங்குள்ளது என எவ்வாறு தெரியும்? முன்பு வந்து சென்ற பெரிய மீன்களைத் தொடர்ந்து சென்றே அது வழியை அறிகின்றது என ஆய்வாளர் கருதுகின்றனர். இக்கருத்தை வாசகர் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

கூட்டமே கூற்றாயிற்று

கரிபியன் மீனவர் இந்த நாளையும் இடத்தையும் பல தலைமுறைகளாக அறிந்திருந்தனர். சிறிய ஓடமும் கைத்தூண்டிலும் கொண்டு அவர்கள் பிடித்த காலத்திற் கூட்டங்கள் நிலைத்திருந்தன. அமெரிக்க மீனியல் அறிஞரான லாவெற் சிமித் என்பவர், பஹாமாஸ் நாட்டின் பிமினித் தீவுக்குத் தெற்கே தாம் கண்ட கூட்டமொன்றைப் பற்றி 1972 ஆம் ஆண்டிலே எழுதினார். அக்கூட்டத்தில் 30,000 முதல் 1,00,000 வரையான மீன்கள் இருக்கலாம் என்பது அவருடைய மதிப்பீடு.

பின்னர் விசைப்படகுகள் வந்தன, பனிக்கட்டி வந்தது, தொலைவிலுள்ள பட்டினங்களிற் சந்தையும் பெருகிற்று. ஆண்டு முழுவதும் பொந்து பொந்தாகத் தேடித் திரிய வேண்டிய மீனைச் சில நாள்களில் ஓரிடத்திலே அள்ளிக்கொள்ள முடிந்தது. அதுவும் சினை நிறைந்த மீன். சினை என்றால் நம் வீட்டு அடுக்களைகளிலும் தனி விருப்பமன்றோ? ஆனால், முட்டையிடுமுன் பிடிபடும் மீனோடு, அதன் வயிற்றிலுள்ள வருங்காலமும் போய்விடுகின்றது.

இதிலே மறைந்திருந்த ஆபத்து ஒன்று உண்டு. பாரெங்கும் மீன் அருகி வந்தபோதும், எஞ்சிய மீன்கள் யாவும் கூட்டத்துக்கு வந்தமையால் அங்கே பிடிபடும் தொகை உடனே குறையவில்லை. வலை நிறைவதைக் கண்ட மீனவன் கடலும் நிறைந்துள்ளது என்றே எண்ணினான். பின்னர் ஓராண்டிலே சென்று பார்த்தபோது அங்கே கூட்டம் இல்லை. பெர்மியூடாவிலும், போட்டோ றிக்கோவிலும், வெர்ஜின் தீவுகளிலும் பழைய கூட்டங்கள் இவ்வாறே மறைந்தன. அறியப்பட்ட கூடுமிடங்களில் மூன்றிலொரு பங்கேனும் இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் வெறுமையாயின.

மறைந்த கூட்டம் அதே இடத்தில் மீண்டும் கூடுவது அரிது. வழியறிந்த பெரிய மீன்கள் அழிந்தபின் இளையவற்றுக்கு வழிகாட்ட யாருமில்லை. தலைமுறைத் தொடர்பு அறுந்தால் மனிதர் ஊர்களிலே திருவிழாக்கள் நின்றுபோகின்றன அல்லவா? கடலிலும் அதுவே நிகழ்ந்தது. அமெரிக்க அரசு 2016 ஆம் ஆண்டிலே இம்மீனை ஆபத்துக்குட்பட்ட இனமாகச் சட்டத்திற் சேர்த்தது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலிலே, 2018 இல் வெளியான மதிப்பீடு இதனை அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களோடு சேர்த்துள்ளது.

ஒரு சிறு தீவின் துணிவு

கியூபாவுக்குத் தெற்கே கேமன் தீவுகள் மூன்று உள்ளன. அவற்றுட் சிறியது லிற்றில் கேமன். நீளம் பத்து மைல். அகலம் ஏறத்தாழ ஒரு மைல். கேமன் தீவுகளின் பழைய கூடுமிடங்களில் மீன்கள் அருகிப்போயிருந்த காலத்திலே, 2001 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், இத்தீவின் மேற்கு முனைக்கு அப்பால் ஏறத்தாழ 7,000 கலவாய்கள் கூடியிருப்பதை மீனவர் கண்டனர். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் அங்கே பிடிக்கப்பட்டவை ஏறத்தாழ 4,000. இன்னும் ஓரிரு ஆண்டுகள் இவ்வாறே சென்றிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

அரசு 2003 ஆம் ஆண்டிலே கூடுமிடங்களில் மீன்பிடித்தலை எட்டு ஆண்டுகளுக்குத் தடைசெய்தது. அரசின் சுற்றாடல் திணைக்களமும், தொண்டர்களாகிய சுழியோடிகளைக் கொண்ட சங்கமொன்றும், பல்கலைக்கழக ஆய்வாளரும் ஒன்றுகூடி மீன்களைக் கண்காணிக்கத் தொடங்கினர். ஆண்டுதோறும் மாரிகாலப் பூரணையிலே அவர்கள் கடலில் இறங்கினர்.

அசைந்துகொண்டேயிருக்கும் ஆயிரக்கணக்கான மீன்களை எவ்வாறு எண்ணுவது? முறை எளிது. சில மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிடுவர். பின்னர்ச் சுழியோடிகள் தாம் காணும் மீன்களில் எத்தனைக்கு அடையாளம் உண்டு எனப் பார்ப்பர். உதாரணமாக, 50 மீன்களுக்கு அடையாளமிட்டு, பின்னர்க் காணும் நூற்றுக்கு ஒன்றில் மட்டும் அடையாளம் இருக்குமாயின், கூட்டத்தின் தொகை ஏறத்தாழ 5,000 எனலாம். இக்கணக்கை மாணவர் வீட்டிலிருந்தே புளியங்கொட்டைகளைக் கொண்டு செய்து பார்க்கலாம்.

தடை வந்தவுடன் மீன் பெருகிவிடவில்லை. 2009 ஆம் ஆண்டில் அங்கே இருந்தவை ஏறத்தாழ 1,200 மட்டுமே என மதிப்பிடப்பட்டது. ஆறு ஆண்டுகள் காத்திருந்தும் பயன் யாது என எவரும் அப்போது கேட்டிருக்கலாம். பிறந்த மீன் முட்டையிடும் பருவத்தை அடையப் பல ஆண்டுகள் செல்லும் என்பதை உணர்ந்தோர் பொறுத்திருந்தனர். தடை 2011 இல் நீடிக்கப்பட்டது. 2016 இல் முழுமையான சட்டம் வந்தது: டிசம்பர் முதல் ஏப்ரில் முடிய இம்மீனை எங்கும் பிடித்தலாகாது, ஏனைய மாதங்களிலே 16 அங்குலத்துக்குக் குறைந்ததையும் 24 அங்குலத்துக்கு மேற்பட்டதையும் கொள்ளலாகாது, ஒரு படகு ஒரு நாளில் ஐந்து மீனுக்கு மேற் பிடிக்கலாகாது. சிறியது வளர வேண்டும். பெரியதோ மிகுந்த முட்டைகளைத் தருவதும் வழியறிந்ததுமாகும். ஆதலால் இரண்டுக்கும் காவல் இடப்பட்டது.

2018 ஆம் ஆண்டிலே லிற்றில் கேமன் முனையிற் கூடிய கலவாய்கள் 7,000 ஐத் தாண்டின. அயல்தீவாகிய கேமன் பிறாக்கிலும் தொகை மும்மடங்குக்கு மேற் பெருகிற்று. இச்செய்தி 2020 ஆம் ஆண்டிலே விஞ்ஞான உலகுக்கு அறிவிக்கப்பட்டது. லிற்றில் கேமனில் எஞ்சி நின்ற சில ஆயிரம் மீன்களே இம்மீட்சிக்கு வித்தாயின. அவையும் அழிந்தபின் சட்டம் வந்திருந்தால், காவல் காப்பதற்கு அங்கே ஒன்றும் இருந்திராது.

நம் கடலை நோக்கி

இது தொலைநாட்டுக் கதை மாத்திரமன்று. நமது இந்து சமுத்திரத்திலும் கலவாய் வகைகள் பல இவ்வாறே நிலவைக் கணித்துக் கூடுகின்றன. இலட்சத்தீவுகளைச் சேர்ந்த பித்ராவிலும், மாலைதீவிலும் இத்தகைய கூட்டங்களை ஆய்வாளர் கண்டு எழுதியுள்ளனர். மாலைதீவிலே 1990 களில் ஏற்றுமதிக்காகக் கலவாய் பிடித்தல் தொடங்கியபின், அங்கும் அளவுக் கட்டுப்பாடுகள் வேண்டியதாயிற்று.

நம் நாட்டின் பார்களும் துன்பம் காணாதவையல்ல. 1998 ஆம் ஆண்டிலே கடல் சூடேறியபோது முருகைகள் பல வெளிறி மடிந்தன. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் 1992 இல் சரணாலயமாகவும், நிலாவெளிக்கு அண்மையிலுள்ள புறாத்தீவு 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டன. பாருக்கு வேலி இட்டாயிற்று. ஆனால், மீன் கூடும் நாளுக்கும் வேலி வேண்டும் என்பதே கேமன் தீவுகள் கற்பிக்கும் பாடம்.

எம் மீனவர் மீன்பிடித் தொழிலைக் கைவிட வேண்டுமென்று இங்கே கூறவில்லை. கடலை நம்பி வாழும் குடும்பத்துக்கு மீனே சோறு. கேமன் மீனவரும் மீன் பிடித்தலை விடவில்லை. கூடும் காலத்தை மட்டுமே விட்டுவைத்தனர். எந்த நிலவில் எந்தப் பாரிலே எந்த மீன் சினையோடு சேரும் என்பதை நம் கரையோர ஊர்களிலுள்ள முதிய மீனவர் அறிந்திருப்பர். அவ்வறிவை இதுவரை மீனைப் பிடிப்பதற்கே பயன்படுத்தினோம். மீனைக் காப்பதற்கும் அதுவே கருவியாகலாம். மாணவர்கள் அம்முதியோரிடம் சென்று கேட்டு எழுதிவைப்பார்களாயின், அது பாடநூல்களில் இல்லாத அரிய பாடமாக அமையும். காலந் தாழ்த்தலாகாது. வழியறிந்த மூத்தோர் போய்விட்டால் வழியும் போய்விடும் என்பது மீனுக்கு மட்டுமுரிய உண்மையன்று.

சந்தைக்குச் செல்லும் இல்லத்தரசியர்க்கும் இதிற் பங்குண்டு. கையளவான கலவாய்க் குஞ்சையும், சினை முற்றிய பெருங்கலவாயையும் விரும்பி வாங்குவோர் குறைந்தால், அவற்றைப் பிடித்து வருவோரும் குறைவர்.

அடுத்த தைப்பூசத்தன்று மாலை நிலவு எழும்போது, கடலுக்கு அப்பால் அந்தச் சிறு தீவின் முனையை ஒருகணம் நினைத்துக்கொள்வோம். அங்கே மனிதர் தூண்டிலை மடித்து வைத்துவிட்டுக் காத்திருக்கின்றனர். பாரின் விளிம்பிலே இளைய மீன்கள் மூத்தவற்றின் பின்னால் வந்துகொண்டிருக்கும்.